ஆர்க்னித் தீவுகள்: கல்லையும் கடலையும் சேர்த்துப் பார்க்கும் பிரயாணம்

ஸ்காட்லாந்தின் வட கரையில், நிலம் முடிந்து சமுத்திரம் தொடங்கும் முனையில் நின்று, வானம் தெளிந்த ஒரு நாளில் வடக்கே நோக்கினால், பெண்ட்லண்ட் ஜலசந்திக்கு அப்பால், தாழ்ந்து பரந்த பசுமையான தீவுகள் சிலவும், அவற்றின் மேற்கு ஓரத்தில் மட்டும் செங்குத்தாக ஓங்கிய செந்நிறப் பாறை மலையொன்றும் கண்ணுக்குப் புலப்படும். அவையே ஆர்க்னித் தீவுகள். தீவுகளும் திட்டுகளுமாக ஏறக்குறைய 70 இருந்தாலும் ஜனவாசம் உள்ளவை சுமார் 20 மட்டுமே; எல்லாவற்றிலும் சேர்ந்து வசிப்போர் ஏறத்தாழ 22,000 பேர். வடக்கு அட்சரேகை 59 பாகையில், மரங்கள் அருகி, காற்று ஓயாமல் வீசும் இந்தச் சிறு பிரதேசத்தில், எகிப்தின் கீசா பிரமிடுகள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே மனிதர் கல்லால் வீடு கட்டி, கல்லாலேயே கட்டிலும் அலமாரியும் அமைத்து, மாண்டோர்க்குக் கல்லறை மாளிகைகள் எழுப்பிச் சீராக வாழ்ந்தனர் என்பதும், அவர்கள் கட்டியவற்றுள் பல இன்றும் கூரை ஒன்று நீங்கலாக நிலைத்து நிற்கின்றன என்பதும்தான் இத்தீவுகளின் விசேஷம்.

இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் புராதனச் சின்னங்களுக்கு ஒரு நாள், கடற்கரைக் காட்சிகளுக்கு ஒரு நாள் என்று வகுத்துக்கொண்டு பிரயாணம் செய்கிறார்கள். அவ்வாறு வகுப்பது இத்தீவுகளின் இயல்புக்குப் பொருந்தாது என்பது என் திடமான அபிப்பிராயம். ஆர்க்னியின் அடிப்பாறை பெரும்பாலும் படிவுப் பாறை. அலை மோதும் கரைகளில் அது தானாகவே பலகை பலகையாகப் பிளந்து கிடக்கும். மரமில்லாத நாட்டில் கட்டடக் கலை வளர்ந்ததற்குக் காரணம், கடல் பிளந்து கொடுத்த அந்தக் கற்பலகைகளே. பல நூற்றாண்டு காலம் மணல் மூடிக் கிடந்த ஊர்களை வெளிப்படுத்தியதும் கடற்புயல். வெளிப்பட்டவற்றைக் கரைத்துக்கொண்டிருப்பதும் அதே கடல். ஆகவே ஒவ்வொரு சின்னத்தையும் பார்க்கப் போகும்போது, முதலில் கால்மணி நேரமாவது அதன் அருகிலுள்ள கரையில் இறங்கி, பாறை எவ்வாறு பிளவுபட்டிருக்கிறது, அலை எதுவரை வந்து போகிறது என்பவற்றைக் கவனித்துவிட்டுப் பிறகு கட்டடத்தின் அருகே செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த முறையை அனுசரித்தே எழுதப்பட்டிருக்கிறது.

காலமும் காற்றும்

மே மாத மத்தியிலிருந்து ஜூலை முடிவு வரை உள்ள காலமே யாத்திரைக்கு உத்தமமானது. ஜூன் மாதத்தில் சூரியன் ஏறக்குறைய 18 மணி நேரம் வானில் இருக்கும். மறைந்த பிறகும் இருள் முழுமையாகக் கவிவதில்லை. நள்ளிரவிலும் வடதிசையில் ஓர் ஒளி தேங்கி நிற்கும். கடலோரப் பாறை முகடுகளில் கடற்பறவைகள் குஞ்சு பொரித்துக் கூட்டம் கூட்டமாக இருக்கும் காலமும் இதுவே. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரந்தான். எனினும் அட்லாண்டிக்கின் வெந்நீரோட்டம் தழுவிச் செல்வதால், இவ்வளவு வடக்கே இருந்தும் குளிர்காலத்தில் நீடித்த உறைபனி அபூர்வம். கோடையிலோ உஷ்ணம் 16 பாகை செல்சியஸை எட்டினால் அதை நல்ல வெயில் என்று ஊரார் கொண்டாடுவார்கள்.

குளிரைவிடக் காற்றுக்கே ஆயத்தமாக வேண்டும். குடை இங்கே எவ்விதத்திலும் பயன்படாது. காற்றுப் புகாத, மழை நனைக்காத மேலங்கியும், அதே வகைக் காற்சட்டையும், காதை மூடும் கம்பளிக் குல்லாவும், கணுக்காலைப் பிடிக்கும் காலணியும் ஜூலை மாதத்திலும் அவசியம். காரை நிறுத்துகையில் அதன் முகம் காற்றை நோக்கியிருக்குமாறு நிறுத்துங்கள். இல்லையேல் திறந்த கதவைக் காற்று பின்னுக்கு வளைத்து முறித்துவிடும். இதைப் பற்றி வாடகைக் காரைக் கொடுப்பவர்களே முதல் வார்த்தையாக எச்சரிப்பார்கள். அவர்கள் சொல்வதில் மிகையில்லை.

போய்ச் சேரும் மார்க்கங்கள்

இந்தியா, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பிரிட்டனின் வருகை விசா போதும். ஆர்க்னிக்கென்று தனி அனுமதி எதுவுமில்லை. எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன், இன்வர்னெஸ் ஆகிய நகரங்களிலிருந்து தலைநகரான கிர்க்வாலுக்குச் சிறு விமானங்கள் பறக்கின்றன. அவகாசமுள்ளவர்கள் விமானத்தை விட்டுவிட்டுக் கடல் மார்க்கமாகவே செல்ல வேண்டும். இன்வர்னெஸிலிருந்து தர்சோ என்னும் வடகோடி ஊருக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து சில மைல் தூரத்தில் உள்ள ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்தில் கப்பலேறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஸ்ட்ரோம்னெஸ் வந்து சேரலாம். வடக்கே செல்லும்போது மேல்தளத்தில் வலப்பக்கம் இடம் பிடித்துக்கொள்வது முக்கியம். வானிலை அனுகூலமாக இருந்தால், ஹாய் தீவின் மேற்குச் சுவரையும் அதன் அருகே கடலில் தனித்து நிற்கும் கல்தூணையும் கப்பல் நெருங்கிக் கடந்து செல்லும். காருடன் வருபவர்களுக்கு கில்ஸ் பேயிலிருந்து செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப்புக்கு ஒரு மணி நேரத்தில் செல்லும் கப்பலும் சௌகரியமானது. அபர்டீனிலிருந்து மாலையில் புறப்படும் பெரிய கப்பல் ஆறு மணி நேரப் பிரயாணத்துக்குப் பின் இரவு வெகு நேரங்கழித்தே கிர்க்வாலை அடையும். ஆகையால் தங்கும் விடுதியில் முன்கூட்டித் தெரிவித்துவிட வேண்டும்.

பெண்ட்லண்ட் ஜலசந்தியின் நீரோட்டம் ஐரோப்பாவிலேயே மிக வேகமானவற்றுள் ஒன்று. கடல் நோய்க்கு ஆளாகும் இயல்புள்ளவர்கள் கப்பல் புறப்படுவதற்கு முன்பே மருந்து உட்கொள்வது நலம்.

தீவுகளுக்குள் சாலையில் இடப்பக்கமாகவே வண்டி ஓட்ட வேண்டும் என்பதால் நமக்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதிகமில்லை. நம் நாட்டு ஓட்டுநர் உரிமத்துடன் ஓராண்டு வரை ஓட்டலாம். கிளைச் சாலைகள் பல ஒரே வண்டி செல்லும் அகலமுடையவை. எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்றே அகலப்படுத்தியுள்ள இடத்தில் யார் அருகில் இருக்கிறாரோ அவர் நின்று வழி விடுவதும், வழி பெற்றவர் கையை உயர்த்தி நன்றி சொல்வதும் இங்கே வழக்கம். கிர்க்வாலுக்கும் ஸ்ட்ரோம்னெஸுக்கும் இடையே பஸ் உண்டு; தலைத் தீவின் மற்ற இடங்களுக்கும் பஸ் செல்லும் என்றாலும், ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நம்பி நாளை அமைத்துக்கொள்ள முடியாது.

மேற்குக் கரை

ஆர்க்னியிலே மிகப் பெரிய தீவை ஊரார் ‘மெயின்லண்ட்’ என்றே அழைப்பார்கள். நாம் தலைத் தீவு என்று குறிப்போம். அதன் மேற்குக் கரைக்கு ஒரு முழு நாளை ஒதுக்கி, தெற்கே யெஸ்னபியில் தொடங்கி வடக்கே பர்சேயில் முடிப்பது நல்ல கிரமம்.

யெஸ்னபியில் கட்டடம் என்று சொல்லத்தக்கது, இரண்டாம் உலக யுத்த காலத்துச் சிதைவுகள் தவிர, எதுவுமில்லை. ஆயினும் இங்கேதான் பாறையை வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மெல்லிய படலங்களாக அடுக்கடுக்காகப் படிந்து, ஓரத்தில் திடீரென்று அறுந்து, அலைகளின் மேல் தொங்கும் இந்தப் பாறைகளில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே பரந்திருந்த ஓர் ஏரியின் அடியில் நுண்ணுயிர்கள் கட்டிய வட்ட வட்டமான படிவங்களையும் காணலாம். தெற்கே சிறிது தூரம் நடந்தால், இரண்டு கால்களை ஊன்றியதுபோல் அடிப்பகுதியில் துளை விழுந்து கடலில் நிற்கும் பாறைத்தூண் தெரியும். கரையோரப் புல்லில் மே மாதத்திலும், மறுபடியும் ஜூலை, ஆகஸ்டிலும், சில அங்குல உயரத்துக்கு மேல் வளராத ஊதா நிறப் பூவொன்று மலர்ந்திருக்கும். வட ஸ்காட்லாந்துக் கரையிலும் ஆர்க்னியிலும் தவிர உலகில் வேறெங்கும் விளையாத ஸ்காட்டிஷ் பிரிமுலா என்னும் செடி அது. காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். விளிம்புக்கு அருகே போகாதீர்கள். மேலே உறுதியாகத் தோன்றும் பலகைக்கல்லின் அடியில் அலை குடைந்திருப்பது மேலிருந்து தெரியாது.

யெஸ்னபிக்கு வடக்கே, பிறைபோல் வளைந்த ஸ்கேல் விரிகுடாவின் தென் கரையில் ஸ்காரா பிரே இருக்கிறது. 1850-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அடித்த பெரும்புயல் மணல் மேட்டின் மேலிருந்த புல்லை உரித்துப் போட, உள்ளே வீடுகளின் சுவர்கள் தலை காட்டின. அந்நிலத்தின் உடைமையாளர் வில்லியம் வாட் சில வீடுகளைத் தோண்டி எடுத்தார். பிறகு பல்லாண்டுகள் அது கிடந்தபடியே கிடந்தது. 1924-இல் மீண்டும் ஒரு புயல் வந்து வீடொன்றின் பகுதியை அடித்துக்கொண்டு போன பின்னரே கடலுக்கு எதிரே சுவர் எழுப்பினார்கள். 1928 முதல் புகழ்பெற்ற அகழாய்வாளர் கோர்டன் சைல்டு இதை முறையாக ஆராய்ந்தார். இவ்வூர் இரும்புக் காலத்தது என்று அவர் முதலில் கருதினார். 1970-களில் கரிமக் கணிப்பு முறையால் சோதித்தபோதுதான், கிறிஸ்துவுக்கு முன் 3100-ஐ ஒட்டித் தொடங்கி, 2500 வரை மக்கள் குடியிருந்த புதிய கற்கால ஊர் இது என்பது நிச்சயமாயிற்று.

எட்டு வீடுகள், ஒன்றையொன்று இணைக்கும் குறுகிய, கல் மூடிய சந்துகள். பெரும்பாலான வீடுகளில் நடுவே அடுப்புக்குழி, இரு பக்கமும் கற்பலகை நிறுத்திய கட்டில்கள், வாசலுக்கு நேரெதிரே, நம் வீட்டுச் சமையலறையில் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கி வரிசையாக அடுக்கி வைக்கும் அலமாரியைப் போன்று, கல்லாலான இரண்டடுக்குத் தட்டு. உள்ளே நுழைகிறவரின் கண் முதலில் படும் இடத்தில் அதை அமைத்தவர்கள் தங்கள் உடைமைகளைப் பிறர் காண வேண்டும் என்று விரும்பியிருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். தரையில் பதித்த, களிமண்ணால் இடுக்கு அடைத்த சிறு கல்தொட்டிகள் தூண்டில் இரைக்காகக் கிளிஞ்சல் ஊற வைக்கும் தொட்டிகளாக இருந்திருக்கக்கூடும். வீடுகளுக்குள் இறங்க அனுமதியில்லை. சுவர்களின் மேல்மட்டத்தில் உள்ள பாதையில் சென்று குனிந்து பார்க்க வேண்டும். நுழைவிடத்தை அடுத்துக் கூரையுடன் கட்டி வைத்திருக்கும் மாதிரி வீட்டை முதலில் பார்த்துவிட்டால் அளவுகள் மனத்தில் படியும்.

ஊர் வாழ்ந்த காலத்தில் கடல் வெகு தூரத்தில் இருந்தது. இடையே மேய்ச்சல் நிலம் இருந்தது. இப்போதோ தடுப்புச் சுவரின் அடியில் அலை புரள்கிறது. சுவரின் இரு முனைகளிலும் கடல் வளைத்து அரித்திருப்பதை மணலில் இறங்கி நின்று கவனியுங்கள். ஸ்காரா பிரேயை முழுமையாகப் பார்த்தவர், வீடுகளோடு இந்த அரிப்பையும் பார்த்தவரே. நுழைவுச்சீட்டு நேரம் குறித்துத் தரப்படுவது. முன்பதிவு செய்யாமல் கோடையில் போகக் கூடாது. கிர்க்வால் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வரும் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் இங்கே திரண்டுவிடுவார்கள்; கப்பல் வரும் தேதிகளைத் துறைமுகத்தார் முன்கூட்டியே வெளியிடுவதால், அந்த நாட்களை விலக்கித் திட்டமிடுவது சுலபம்.

வடக்கே மார்விக் முனை. செங்குத்துப் பாறையின் ஒவ்வொரு விளிம்பிலும் கில்லிமட், கிட்டிவேக் முதலிய பறவைகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் ஆரவாரமும் வாடையும் எட்டத்திலேயே வந்து எதிர்கொள்ளும். முனையின் மேலுள்ள கோபுரம் கிச்சனர் பிரபுவின் நினைவாக எழுப்பியது. 1902 முதல் 1909 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாயிருந்த அவர், 1916-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி ருஷ்யாவுக்குச் சென்ற ஹாம்ப்ஷயர் என்னும் போர்க்கப்பல் இம்முனைக்கு அப்பால் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியபோது இறந்தார். கப்பலில் இருந்தவர்களில் 12 பேர்தான் பிழைத்தனர்.

நாளின் முடிவை பர்சேயில் உள்ள ப்ரோ என்னும் சிறு தீவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நிர்ணயிப்பது கடல், நாமல்ல. கடல் வற்றும் உச்ச நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் இரண்டு மணி பின்னும் மாத்திரமே தரைப்பாதை வெளிப்பட்டிருக்கும். அந்த நேரத்தை முன்னாளே விசாரித்து அறிந்து, அதற்கேற்ப மேற்குக் கரைப் பிரயாணத்தை வடக்கிலிருந்து தெற்காகத் திருப்ப வேண்டுமானால் தயங்காமல் திருப்புங்கள். பாதையில் பாசி வழுக்கும். அப்பால் பிக்ட் ஜனங்களும், அவர்களுக்குப் பின் வந்த நார்வேஜியரும் வாழ்ந்த வீடுகளின் அடித்தளங்களும் ஒரு சிறு தேவாலயத்தின் சிதைவும் உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டு மேட்டின் மேல் ஏறினால் 1925-இல் கட்டிய கலங்கரை விளக்கமும், அதன் கீழே ஜூலை முடிவு வரை பஃபின் பறவைகளும் இருக்கும். திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, அதற்கு அரைமணி முன்னரே புறப்பட்டுவிடுங்கள்.

ஏரிகளுக்கு இடையே

தலைத் தீவின் நடுவில் ஹாரே என்னும் நன்னீர் ஏரியும், கடலோடு கலக்கும் ஸ்டென்னெஸ் ஏரியும் ஒன்றையொன்று நெருங்கி, இடையே மெல்லிய நிலத்துண்டை விட்டு வைத்திருக்கின்றன. இந்த நிலத்துண்டின் இரு முனைகளிலும் இரண்டு கல்வட்டங்கள். கூப்பிடு தூரத்தில் மேஸ்ஹவ் என்னும் கல்லறை. இவற்றையும் ஸ்காரா பிரேயையும் சேர்த்து 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

ஸ்டென்னெஸில் இப்போது நிற்பவை நான்கு கற்கள். ஆறு மீட்டர் வரை உயரமும், பக்கவாட்டில் பார்க்கையில் வியக்கத்தக்க மெல்லிய கனமும் கொண்ட இவை, கிறிஸ்துவுக்கு முன் 3100-ஐ ஒட்டி நிறுத்தப்பட்டவை. அருகே ஓடின் கல் என்று ஒன்று இருந்தது. அதன் நடுவிலிருந்த துளை வழியே கைகோத்துக் காதலர் சத்தியம் செய்வது இவ்வூர் வழக்கமாயிருந்தது. 1814-இல் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் அதை உடைத்துவிட்டார். ஐயாயிரம் ஆண்டுகள் காற்றும் மழையும் செய்யாததை ஒரு மனிதர் சில நாட்களில் செய்துவிட்டார் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை. பிராட்கர் வட்டம் மிகப் பெரியது. 104 மீட்டர் விட்டம். 60 இருந்ததாகக் கருதப்படும் கற்களில் 36 எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் பாறையையே வெட்டி எடுத்த அகழி. இரண்டு வட்டங்களுக்கும் கட்டணமில்லை, கதவில்லை, நேரக் கட்டுப்பாடில்லை. ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குச் சென்றால், சாய்ந்த வெளிச்சத்தில் கற்களின் முகங்கள் தெளிவாக இருக்கும்; கூட்டமும் இராது. புல்லைக் காப்பதற்காக உட்பாதையைச் சில சமயம் அடைத்திருப்பார்கள். அதை மதித்து வெளிவட்டத்திலேயே நடக்க வேண்டும். வட்டங்களுக்கு இடையே 2003-இல் உழவின்போது தட்டுப்பட்ட கல்லைத் தொடர்ந்து, நெஸ் ஆப் பிராட்கர் என்ற இடத்தில் பிரம்மாண்டமான புதிய கற்காலக் கட்டடத் தொகுதி வெளிப்பட்டது. கோடைதோறும் நடந்த அந்த அகழாய்வை 2024-இல் முடித்து, காற்றில் இக்கற்கள் சிதையும் என்பதால் மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள். பழைய நூல்களை நம்பி அதைத் தேடிச் செல்ல வேண்டாம்.

மேஸ்ஹவுக்கு வழிகாட்டியுடன் சிறு குழுவாக மட்டுமே செல்ல இயலும், பதிவு கட்டாயம். வெளியே புல் மூடிய மேடு. ஏறத்தாழ பத்து மீட்டர் நீளமுள்ள நுழைவழி இடுப்பளவு உயரமே இருப்பதால், முதுகு வலியோ முழங்கால் வலியோ உள்ளவர்கள் முன்னமேயே யோசித்துக்கொள்ள வேண்டும். உள்ளே நிமிர்ந்ததும், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடச் சற்றே உள்வாங்கி, மேலே குறுகிச் செல்லும் சுவர்களும், மூலைகளில் ஒரே கல்லாக நிற்கும் தூண்களும், கத்தியும் நுழையாத பொருத்தங்களும் தோன்றும். சுண்ணாம்பு இல்லை, சாந்து இல்லை. குளிர்கால அயனத்தை ஒட்டிய சில வாரங்களில் அஸ்தமன சூரியனின் கதிர் அந்த நீண்ட வழியே புகுந்து எதிர்ச்சுவரில் விழுமாறு திசை கணித்துக் கட்டியிருக்கிறார்கள். இருண்டு கிடந்த இவ்வறையை 12-ஆம் நூற்றாண்டில் நார்வேஜியர் உடைத்துப் புகுந்தனர். பனிப்புயலுக்கு ஒதுங்கிய வீரர்கள் சிலருள் இருவருக்குச் சித்தம் கலங்கியதாக ஆர்க்னி வேந்தர்களின் பழங்கதை சொல்கிறது. அவர்கள் சுவரில் ரூன் எழுத்தில் கீறிச் சென்ற வாசகங்கள் சுமார் 30. பெரும்பொருள் ஒளித்திருப்பதாக ஒருவன் எழுதுகிறான். ஓர் அழகியின் பெயரை மற்றொருவன் எழுதுகிறான். தன் எழுத்தே சிறந்தது என்று வேறொருவன் பெருமை கொள்கிறான். இறந்தோரின் மௌனத்துக்கென்று எழுப்பிய மண்டபத்தில் உயிருள்ள இளைஞர்களின் குரல் இவ்வாறு ஒட்டிக்கொண்டிருப்பது மேஸ்ஹவின் தனிச் சிறப்பு. புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. வழிகாட்டி கைவிளக்கைச் சாய்த்துக் காட்டும் கணத்தில் எழுத்துகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிர்க்வாலும் தெற்குப் பாலங்களும்

கிர்க்வாலின் நடுவே சிவப்பும் மஞ்சளுமான மணற்கல்லால் எழுந்த செயின்ட் மாக்னஸ் தேவாலயம், கொலையுண்ட தன் மாமன் மாக்னஸின் நினைவாக ரொக்ன்வால்டு வேந்தன் 1137-இல் தொடங்கியது. மாக்னஸின் எலும்புகள் என்று கருதப்படுபவை 1919-இல் ஒரு தூணுக்குள் கண்டெடுக்கப்பட்டன. மண்டையோட்டில் வெட்டுக் காயம் இருந்தது. அருகிலுள்ள ஆயர் அரண்மனையில் நார்வே மன்னன் ஹாக்கான் 1263-இல் உயிர் நீத்தான். 1468-இல் டென்மார்க்-நார்வே மன்னன், தன் மகளை ஸ்காட்லாந்து அரசனுக்கு மணமுடிக்கையில் கொடுக்க வேண்டிய சீதனத்துக்கு ஈடாக ஆர்க்னியை அடகு வைத்து மீட்காமலே போனதால்தான் இத்தீவுகள் ஸ்காட்லாந்துக்கு உரிமையாயின. ஊர்ப் பெயர்களிலும் மக்கள் பேச்சிலும் நார்வே இன்றும் ஒலிக்கிறது.

தெற்கே நான்கு தரைப்பாலங்கள் சிறு தீவுகளை இணைத்துக்கொண்டு செல்கின்றன. 1939 அக்டோபர் 14-ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று இத்தீவுகளுக்கு நடுவே இருந்த இடைவெளி ஒன்றின் வழியே ஸ்காப்பா ப்ளோ என்னும் கடற்படைத் தளத்துக்குள் புகுந்து ராயல் ஓக் கப்பலை மூழ்கடித்ததில் 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் சர்ச்சில் அந்த இடைவெளிகளை அடைக்கச் செய்தார்; அவ்வடைப்புகளே இப்பாலங்கள். அந்த வேலைக்குக் கொண்டுவரப்பட்ட இத்தாலியப் போர்க் கைதிகள், லாம் ஹோம் என்னும் திட்டில் இரண்டு தகரக் கொட்டகைகளை முனைக்கு முனை இணைத்து, வேலையில் மிஞ்சிய சிமெண்டையும், உடைந்த கப்பலின் மரத்தையும், இறைச்சி அடைத்துவந்த தகரப் பெட்டிகளையும் கொண்டு ஒரு சிறு கோவிலைக் கட்டினார்கள். ஓவியர் டொமெனிக்கோ கியோக்கெட்டி, தாய் தந்தனுப்பிய சிறு படத்தைப் பார்த்து மாதாவின் சித்திரத்தைப் பீடத்தின் மேல் தீட்டினார். சகாக்கள் புறப்பட்ட பின்னும் வேலையை முடிப்பதற்காகத் தங்கினார். 1960-இல் திரும்பி வந்து மங்கிய வண்ணங்களைப் புதுப்பித்தார். வெறும் தகரத்தில் செங்கல் வரிசையையும் செதுக்குக் கல்லையும் தூரிகையால் வரவழைத்திருக்கும் அந்தச் சுவர்களின் முன் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது எந்தப் புராதனச் சின்னத்துக்கும் குறைந்த அனுபவமல்ல. கிழக்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் பாலங்களின் மேல் அலை ஏறி விழும், சாலையை மூடிவிடுவார்கள்.

ஹாய்

ஸ்ட்ரோம்னெஸிலிருந்து சிறு படகில் மொயினெஸ் இறங்கினால், மற்றத் தீவுகளின் தாழ்ந்த பசுமைக்கு மாறாக, கருமையும் செம்மையுமான குன்றுகள் எதிர்ப்படும். ராக்விக் பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியில் ட்வார்பி ஸ்டேன் என்னும் தனிப் பாறை கிடக்கிறது. இதைக் கட்டவில்லை, ஒரே கல்லைக் குடைந்து உள்ளே இரண்டு அறைகள் செய்திருக்கிறார்கள். 1850-இல் இங்கே இரவு தங்கிய மௌன்சி என்னும் ராணுவ அதிகாரி, பொறுமையைக் கற்றதைப் பற்றிப் பாரசீக எழுத்தில் கல்லின் மேல் பொறித்துச் சென்றிருக்கிறார். ராக்விக்கிலிருந்து கடலோரக் கல்தூணுக்குப் போய் வர மூன்று மணி நேரம் ஆகும். 137 மீட்டர் உயரமான இத்தூணின் மேல் மனிதர் முதன்முதலில் ஏறியது 1966-இல். மறு ஆண்டில் அவ்வேற்றத்தை பிபிசி நேரடியாக ஒளிபரப்பியபோது லட்சக்கணக்கானோர் வீட்டிலிருந்தே பார்த்தனர். வழியில் போங்ஸி எனப்படும் பெரும் ஸ்குவா பறவைகள் கூடு காப்பதற்காகத் தலைக்கு நேரே பாய்ந்து வரும். கைத்தடியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தால் அவை தடியின் நுனியைக் குறி வைத்து விலகிப் போகும். கடைசிப் படகின் நேரத்தை முதலில் அறிந்துகொண்டு நடையைத் தொடங்குங்கள். உணவும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

உணவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாட்டிறைச்சியும் நண்டும் இங்கே பிரசித்தம். சைவ உணவுக்காரருக்கு, பேர் என்னும் பழைய வகைப் பார்லி மாவில் தட்டிச் சுடும் பனக் ரொட்டியும், உள்ளூர்ப் பாலாடைக் கட்டியும், சூப்பும் எங்கும் கிடைக்கும். அந்த மாவை இன்றும் நீர்ச்சக்கரத்தால் அரைக்கும் ஆலை பர்சேயில் இருக்கிறது. சிறு தீவுகளில் கடைகள் சீக்கிரம் மூடுவதால் கிர்க்வாலில் சாமான் வாங்கிக்கொண்டு புறப்பட வேண்டும். தங்குமிடங்களைக் கோடைக்குப் பல மாதம் முன்பே பதிவு செய்வது அவசியம்.

வடபுறத் தீவுகள்

அவகாசம் இருந்தால் ரவ்சே, வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே, வட ரொனால்ட்சே இவற்றுள் இரண்டையாவது பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு ஓடுவதில் பயனில்லை. ரவ்சேயில் கடலோரமாக உள்ள மிட்ஹவ் கல்லறை, இருமருங்கிலும் அறைகளாகத் தடுத்த நீண்ட கூடம். அதைப் பாதுகாக்க மேலே பெரிய கொட்டகை போட்டிருக்கிறார்கள். அதே தீவின் ஸ்வாண்ட்ரோ கரையில், கடல் அரித்துச் செல்லும் ஒரு குடியிருப்பை, அது போவதற்கு முன் பதிவு செய்துவிட வேண்டுமென்று அகழாய்வாளர்கள் கோடைதோறும் முயல்கிறார்கள். வேலை நடக்கும் பருவத்தில் சென்றால் அவர்களே விளக்கிச் சொல்வார்கள்.

வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையிலான விமானப் பயணம், அட்டவணைப்படி நடப்பவற்றுள் உலகிலேயே மிகக் குறுகியது. குறித்த நேரம் இரண்டு நிமிஷம், காற்று இசைந்தால் அதற்கும் குறைவு. எட்டுப் பேர் அமரும் விமானம் ஆகையால் பையின் எடைக்கு வரம்பு உண்டு. பாப்பா வெஸ்ட்ரேயின் மேற்குக் கரையில் உள்ள நாப் ஆப் ஹோவர், கிறிஸ்துவுக்கு முன் 3700-ஐ ஒட்டியது; வட ஐரோப்பாவில் இன்றும் நிற்கும் வீடுகளில் இதைவிடப் பழையது இல்லை என்பர். ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகள், இடையே வாசல். காவலில்லை, கயிறில்லை, குனிந்து உள்ளே போய் அடுப்பங்கல்லின் அருகே நிற்கலாம். சுவரின் மேல் ஏறாதீர்கள். கல்லொன்றையும் எடுக்கவோ அடுக்கவோ வேண்டாம்.

வட ரொனால்ட்சேயில் 1832-இல் தீவைச் சுற்றி எழுப்பிய கல்வேலிக்கு வெளியே, கரையிலேயே கிடந்து கடற்பாசியைத் தின்று வளரும் ஆடுகள் உண்டு. அவை கடலேற்ற நேரத்தில் படுத்து, வற்றும் நேரத்தில் எழுந்து மேயும். குட்டி ஈன்ற தாய்களை மாத்திரம் கோடையில் புல்வெளிக்குள் அழைத்துக்கொள்வார்கள். புயலில் சரியும் வேலியைக் கட்டுவதற்கு வெளியாரும் வந்து உதவும் வழக்கம் உண்டு. கை கொடுக்க விரும்புகிறவர்கள் முன்கூட்டி எழுதிக் கேட்கலாம். இத்தீவுக்குக் கப்பல் அபூர்வம். விமானமும் மூடுபனியில் நின்றுவிடும். எனவே ஊர் திரும்பும் நெடுந்தூர விமானத்துக்கு முதல் நாள் இங்கே இருக்கும்படி திட்டமிடாமல், வடபுறத் தீவுகளை முதலில் முடித்துக்கொண்டு, கடைசி இரண்டு நாட்களைக் கிர்க்வாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.